மனம் கேட்கும் வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் புறப்பட்டிருக்கிறீர்களா, சகோதரரே? அப்படியானால் உங்கள் முன்னால் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று, அறிவு காட்டும் வண்டி. குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும். எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். மனைவியும் குழந்தையும் அச்சமின்றி ஏறி அமரலாம். மற்றொன்று, மனம் காட்டும் வண்டி. அதன் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளம் துள்ளும். அதன் குறைகளைப் பிறர் சொன்னால் நமக்குக் கோபம் வரும்.

இவ்விரண்டில் எதை வாங்குவது? 'அறிவு சொல்வதையே கேளுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. மனம் விரும்பியதை வாங்கியவன் நான். அதில் நான் செய்த பிழை எது என்பதை உணர எனக்கு இரண்டாண்டுகள் ஆயின. அந்தப் பிழையை நீங்கள் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

அழகை விரும்புவது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வாகனத்தின் அழகில் மனம் செல்வது பாவமன்று. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் படைத்ததைப் பற்றிக் கூறும் இறைவன், அவை நீங்கள் ஏறிச் செல்வதற்கு மட்டுமன்றி, அலங்காரமாகவும் அமைந்தவை என்று உணர்த்துகிறான் (அல்குர்ஆன் 16:8). பயன் வேறு, அழகு வேறு. இரண்டுமே அவனுடைய அருட்கொடைகள். எனவே ஓர் இளைஞன் தெருமுனையில் நின்று ஒரு வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், அவனை ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

அதே திருமறைதான் வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என எச்சரிக்கிறது (17:27). செலவு செய்யும்போது விரயமும் செய்யாமல் கருமித்தனமும் காட்டாமல் நடுநிலை பேணுவோரே நல்லடியார்கள் என்றும் கூறுகிறது (25:67). ஆகவே விருப்பம் பிழையன்று. அந்த விருப்பத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதே கேள்வி.

நான் வாங்கிய எஸ்டி

1997-ஆம் ஆண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து கடை 14 கிலோமீட்டர். திருமணமாகி நான்காண்டுகள், மகளுக்கு இரண்டு வயது. கையில் சேமிப்பாகப் பதினோராயிரம் ரூபாய் இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவரிடம் நூறு சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்து பார்க்கச் சென்றேன். விலை பதினேழாயிரம். ஆறு மாதம் பொறுத்தால் வாங்கிவிடலாம்.

அந்த வீட்டு முற்றத்தின் ஓரத்தில், சாக்குப்படுதாவின் கீழ், மற்றொரு வண்டி நின்றது. எஸ்டி ரோட்கிங். இருபுறமும் நீண்ட இரட்டைப் புகைக்குழாய்கள். உதைத்துக் கிளப்பும் மிதியே முன்னால் மடங்கிக் கியர் மாற்றும் மிதியாகும் அந்த விந்தையான அமைப்பு. சிறுவயதில் என் வாப்பாவின் நண்பர் ஒருவர் பெருநாள் தொழுகைக்கு அத்தகைய வண்டியில்தான் வருவார். தக்பீர் முழக்கத்தோடு அந்த வண்டியின் ஓசையும் என் நெஞ்சில் பெருநாளாகவே பதிந்திருந்தது. உரிமையாளர் ஓர் உதை உதைத்தார். நான் தோற்றுப் போனேன்.

விலை பதினோராயிரத்து ஐந்நூறு. பேசி, பதினோராயிரத்துக்கே முடித்தேன்.

அந்த வண்டியைச் செய்த மைசூர்த் தொழிற்சாலை 1961-இல் ஜாவா என்ற பெயரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் எஸ்டி என்ற பெயரில் தொடர்ந்து, 1996-இல் மூடப்பட்டது. அதாவது, நான் வாங்குவதற்கு முந்திய ஆண்டே அதன் கதவுகள் அடைபட்டுவிட்டன. இனி உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கமாட்டா என்பதை எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி வாங்குவதற்கு முன்பே சொன்னார். "இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின், தம்பி. பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். தினம் 28 கிலோமீட்டர் ஓட்ட உமக்குக் கட்டுப்படியாகாது" என்றார். கேட்டேன், கேளாதவன் போல் இருந்துவிட்டேன்.

வீட்டில் சொன்ன பொய்

என் பிழை அதுவன்று, வாசகர்களே. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் சொன்னதுதான் பிழை. "நூறு சிசி வண்டி பதினேழாயிரம். இது பதினோராயிரம்தான். ஆறாயிரம் மிச்சம். கனமான வண்டி, உழைக்கும்" என்றேன். எனக்கு அது பிடித்துவிட்டது என்ற ஒரே உண்மையை மட்டும் சொல்லவில்லை. மனத்தின் ஆசைக்குச் சிக்கனம் என்ற சட்டையை மாட்டி வீட்டுக்குள் அழைத்து வந்தேன்.

முதல் மாதம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. மூன்றாம் கியர் நிற்காமல் நழுவியது. முகப்பு விளக்கு இரவில் மங்கியது. ஒரு சிறு பாகத்துக்காக மதுரைக்கு ஆள் சொல்லி அனுப்பி இரண்டு வாரம் காத்திருந்தேன்; அந்த நாட்களில் பேருந்துக் கட்டணம் தனி. ஓராண்டுக்குள் நான் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன ஆறாயிரமும் கரைந்து, அதற்கு மேலும் செலவாயிற்று.

ஒருநாள் இரவு மகளுக்குக் கடுமையான காய்ச்சல். வண்டியைப் பதினைந்து முறை உதைத்திருப்பேன், கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுச் சகோதரர் தம் ஆட்டோவை எடுத்து வந்தார். அல்லாஹ்வின் அருளால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை.

இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. கையில் பணமில்லை. நகையை அடகு வைத்தால் வட்டி. அது நமக்கு ஆகாது. என் மனைவி தன் இரண்டு வளையல்களைக் கழற்றித் தந்து, விற்றுவிடச் சொன்னாள். அவை அவளுடைய உம்மா வீட்டில் போட்டவை. மனைவியின் நகையும் மஹரும் அவளுக்கே உரியவை. அவள் மனமுவந்து தந்தாலன்றிக் கணவனுக்கு அதில் உரிமையில்லை என்பது நம் மார்க்கத்தின் சட்டம். அவள் மனமுவந்துதான் தந்தாள். தந்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த வண்டி பிடித்திருக்கிறது என்று அன்றே சொல்லியிருந்தால், நானும் சேர்ந்து யோசித்திருப்பேன். வேண்டாம் என்றிருக்க மாட்டேன். மலிவு என்றல்லவா சொன்னீர்கள்?"

நான் எதுவும் பேச முடியாமல் நின்றேன்.

ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம்

வாகனம் வாங்குவது, விற்பது என்றாலே எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றது. ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கிவிட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருகில் வந்து அதைத் தட்டி ஓட்டினார்கள். அது விரைந்து நடந்தது. பின்பு அதைத் தமக்கு விற்றுவிடும்படி கேட்டார்கள். விலை பேசி முடிந்தது. மதீனா சேரும் வரை ஜாபிரே ஏறி வருவதென்று ஏற்பாடு. ஊர் சேர்ந்ததும் நபியவர்கள் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பயணத்தின்போதே மற்றோர் உரையாடலும் நிகழ்ந்தது. ஜாபிர் (ரலி) புதிதாக மணமுடித்திருந்தார்கள். முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்மணியை. கன்னிப் பெண்ணை மணந்திருக்கலாமே என நபியவர்கள் பரிவோடு வினவினார்கள். தம் தந்தை உஹதுப் போரில் ஷஹீதாகிவிட்டார், இளம் சகோதரிகள் பலரை விட்டுச் சென்றிருக்கிறார், அவர்களைப் பராமரிக்கப் பக்குவமுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஜாபிர் (ரலி) மறுமொழி கூறினார்கள். நபியவர்கள் அதைச் சரியென ஏற்றுக்கொண்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். இளமனத்தின் விருப்பம் இயல்பானதே என்பதை நபியவர்களின் கேள்வி காட்டுகிறது. தன்னை நம்பியிருப்போரின் தேவையை அந்த விருப்பத்துக்கு முன்னால் நிறுத்துவது சிறப்பு என்பதை ஜாபிர் (ரலி) அவர்களின் பதில் காட்டுகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அப்படியானால் மனம் விரும்பும் வண்டியை வாங்கவே கூடாதா? வாங்கலாம். ஆனால் கண் திறந்திருக்க வேண்டும்.

விற்பவர் வீட்டுக்குச் சென்றதும் முதலில் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கலாம். குளிர்ந்த இஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே அதன் உண்மை நிலையைச் சொல்லும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை கக்கினால் அது எண்ணெயை எரிக்கிறது, செலவு வரும். பின்னால் நின்று இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் வண்டி எங்கோ மோதியிருக்கலாம். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிவதையும், செயின் சக்கரத்தின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருப்பதையும் கவனியுங்கள்.

சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். தவணைக் கடன் தீராத வண்டியாக இருந்தால், கடன் பதிவு நீக்கப்பட்ட பின்பே பணம் கொடுங்கள். பதினைந்தாண்டு கடந்த வண்டியெனில் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உடனே பதியுங்கள். காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். 'பழகிய மனிதர்தானே' என்று இவற்றைத் தள்ளிப்போட்டுப் பின்னர் விபத்து வழக்குகளில் அலைந்தவர்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பழைய வண்டியின் விலை என்பது முதல் தவணைதான். அடுத்த தவணைகளை மெக்கானிக் வசூலிப்பார். அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கியே விலை பேசுங்கள். பழுதானால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலோ, மனைவியின் நகையிலோ, வட்டிக் கடனிலோ கை வைக்க நேருமென்றால், அந்த வண்டி உங்களுக்குரியதன்று. எவ்வளவு அழகாக இருப்பினும் அதை விட்டு வாருங்கள். இஸ்திகாரா தொழுங்கள். வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

விற்றபோது வந்த சோதனை

1999-இல் அந்த எஸ்டியை விற்க முடிவு செய்தேன். ஓர் இளைஞர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்த அவருடைய கண்களில் என்னையே கண்டேன். ஓசையைக் கேட்டதும் அவரும் தோற்றுப் போனார். பதினோராயிரமே தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் மனைவிக்கு வளையல்களைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிடலாம். மூன்றாம் கியர் நழுவுவது அவருக்குத் தெரியாது. நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழி (புகாரீ, முஸ்லிம்). கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவி மெல்லச் சொன்னாள்: "கியர் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்."

சொன்னேன். கியரையும், விளக்கையும், கிடைக்காத பாகங்களையும், காய்ச்சல் இரவையும் சொன்னேன். இளைஞர் நெடுநேரம் யோசித்தார். தமக்கு மணமாகவில்லை, அன்றாடம் வேலைக்குச் செல்ல வேறு வண்டி இருக்கிறது, இது ஆசைக்காக மட்டுமே என்றார். எட்டாயிரத்துக்கு வாங்கிச் சென்றார். என் வண்டி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொகையோடு கொஞ்சம் சேர்த்து நூறு சிசி வண்டி ஒன்று வாங்கினேன். வளையல்களை வாங்க மேலும் இரண்டாண்டுகள் ஆயின. அல்ஹம்துலில்லாஹ், வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

எஸ்டி என்ற பெயர் 2022-இல் புதிய வடிவில் மீண்டும் சந்தைக்கு வந்தது. பழைய வண்டிகளை இன்றும் இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவர்களைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. மனம் ஒரு வண்டியைக் கேட்டால், அது மனம் கேட்கும் வண்டி என்றே வீட்டில் சொல்லுங்கள். அதன் செலவை உங்கள் தோளிலேயே சுமக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியுமென்றால், இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, பயண துஆவை ஓதி, ஏறி அமருங்கள்.

வாங்குவதிலும் விற்பதிலும் உண்மையைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.