ஓய்வு அவருக்கு மட்டுமா?

வீட்டுக்குச் சக்கரம் பூட்டி ஓட்டிச் செல்கிறார்கள் என்றால் நம்மில் பலர் சிரிப்பர். அமெரிக்காவிலோ இது சர்வ சாதாரணம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் கட்டில், காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் பொருத்திய ஒரு பெரிய வாகனத்தில் ஏறி, வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி வருகின்றனர். அவ்வாகனத்தை 'ஆர்.வி.' என்று சுருக்கமாக அழைப்பர். சிலர் அதன் பின்னால் ஒரு சிறு படகையும் கொளுவி இழுத்துச் செல்வர். வழியில் வாவியோ ஆறோ கண்டால் படகை இறக்கித் தூண்டில் போடுவர்.

அந்நாட்டில் 62 வயதிலிருந்து சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைப் பெறத் தொடங்கலாம். 65 வயதில் 'மெடிகெயார்' எனும் அரசாங்க மருத்துவக் காப்புறுதி கிடைக்கிறது. 62 வயதை அடைந்த பிரஜைகள் 80 டொலர் செலுத்தி ஓர் அட்டை வாங்கினால், தேசியப் பூங்காக்களுக்குள் ஆயுள் முழுவதும் நுழைவுக் கட்டணமின்றிச் செல்லலாம். இந்த வயதில் பலர் பயணம் புறப்படுவதற்கு இவையும் காரணங்களாகும்.

பனிப் பறவைகள்

வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் இவர்கள் தெற்கே புளோரிடா, டெக்சாஸ், அரிசோனா பக்கம் வந்துவிடுவர். 'பனிப் பறவைகள்' என்றே இவர்களுக்குப் பெயர். அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் உண்டு. சில ஆயிரம் பேரே நிரந்தரமாக வசிக்கும் அவ்வூரைச் சுற்றிலும் குளிர்காலத்தில் இவ்வாகனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிறைந்துவிடும்.

அவ்வூர் மையவாடியில் நமக்குப் பரிச்சயமான ஒரு பெயரைக் காணலாம். 1856 இல் அமெரிக்க இராணுவம், பாலைவனப் போக்குவரத்துக்கென மத்திய கிழக்கிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டு வந்தது. அவற்றைப் பராமரிக்க வந்தவர்களுள் ஒருவர் ஹாஜி அலி. நாக்குப் புரளாத அமெரிக்கர் அப்பெயரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டனர். 1902 இல் மரணித்த அவரது அடக்கத்தலத்தில் 1935 இல் கற்களால் கூர்ங்கோபுரம் ஒன்று எழுப்பி, உச்சியில் செப்பு ஒட்டகம் ஒன்றை வைத்திருக்கின்றனர்.

நீர் வழியே ஒரு வட்டம்

வண்டியை விடப் படகை விரும்பும் தம்பதிகளுக்கு 'கிரேட் லூப்' என்றொரு நீண்ட வட்டப் பாதை இருக்கிறது. ஏறக்குறைய 6,000 மைல். வசந்த காலத்தில் புளோரிடாவிலிருந்து அத்திலாந்திக் கரையோரமாக வடக்கே சென்று, ஹட்சன் ஆற்றில் நுழைந்து, 1825 இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாய் வழியாகப் பேரேரிகளை அடைவர். கோடை அங்கே கழியும். பின்னர் சிக்காகோ நகரிலிருந்து இலினோய், மிசிசிப்பி முதலான ஆறுகள் வழியாகத் தெற்கே இறங்கி, மெக்சிக்கோ வளைகுடாவைத் தொட்டுப் புளோரிடாவுக்கே திரும்புவர். மணிக்கு எட்டு, ஒன்பது மைல் வேகத்தில் செல்லும் படகுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம் பிடிக்கும்.

நீர்மட்டம் உயர்ந்து தாழும் இடங்களில், இரு பக்கமும் கதவடைத்த தொட்டி ஒன்றுக்குள் படகை நிறுத்தி ஏற்றியும் இறக்கியும் விடுவார்கள். அப்போது ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் சுவரோரக் கயிற்றைப் பிடிக்கிறார். கயிற்றை இறுகக் கட்டிவிட்டால் நீர் இறங்கும்போது படகு சுவரில் தொங்கிவிடும். கைவிட்டாலோ அலைந்து மோதும். பிடிக்கவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இல்லறத்துக்கும் இது பொருந்தும் அல்லவா?

மீன்பிடியிலும் ஒழுங்கு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் அனுமதிப் பத்திரம் வேறு. குறித்த அளவுக்குச் சிறிய மீனைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும். கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமானவை என்று கூறும் ஸூரத்துல் மாஇதாவின் 96 ஆவது வசனம், பிரயாணிகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆனால் உண்ணும் எண்ணமின்றி, வெறும் விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைப்பது நமக்கு உகந்ததல்ல.

யாருக்கு ஓய்வு?

சகோதரிகளே! இந்தப் பயணத்தில் நான் கவனிக்கச் சொல்வது வாகனத்தையல்ல. அச்சிறு வாகனத்துக்குள் வேலைக்காரி இல்லை, மகள் இல்லை, மருமகள் இல்லை. இருவர் மட்டுமே. ஒருவர் ஓட்டினால் மற்றவர் பாதை பார்க்க வேண்டும். ஒருவர் சமைத்தால் மற்றவர் கழிவுநீர்த் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். வேலையைப் பங்கிடாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? கணவர் ஓய்வு பெறும் நாளில் பிரியாவிடை வைபவம், பூமாலை, அன்பளிப்பு எல்லாம் உண்டு. மனைவிக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்? காலையில் கந்தோர் போனவர் இப்போது வீட்டிலேயே இருப்பதால், பத்து மணித் தேநீரும் அவள் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் ஒதுங்கிய உம்மா, பேரப்பிள்ளைகளையும் பார்க்கிறாள். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் மனைவியருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள். பிரயாணத்தில் மனைவியரை அழைத்துச் சென்றார்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், அன்னாரது மாலை தொலைந்தபோது அதைத் தேடுவதற்காகப் படை முழுவதையும் தங்க வைத்ததும் ஹதீஸ்களில் பிரசித்தமானவை. உம்மு ஹராம் (ரழி) அவர்கள், கடல் கடந்து செல்வோரில் தாமும் ஒருவராக இருக்கத் துஆச் செய்யுமாறு நபியவர்களிடம் வேண்டினார்கள். ஹிஜ்ரி 28 இல் கணவர் உபாதா (ரழி) அவர்களுடன் கப்பலேறி சைப்பிரஸ் சென்று, வாகனத்திலிருந்து விழுந்து அங்கேயே வபாத்தானார்கள். அது உல்லாசப் பயணமல்ல, அறப்போர்ப் பயணம். ஆயினும் மனைவியின் ஆசையும் மதிக்கப்பட வேண்டியதே என்பதற்கு அதில் படிப்பினை உண்டு.

அமெரிக்கரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லவில்லை. அவர்களில் பலர் இவ்வாகனங்களைப் பத்து, இருபது வருட வட்டிக் கடனில் வாங்குகின்றனர். அது நமக்கு ஹராம். 2008 இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வேறு வழியின்றி வண்டியில் வாழ நேர்ந்த முதியோரும் அங்கு உண்டு. உறவினரை மறந்து திரிவதும் நம் வழியல்ல. தொழுகையிலும் கவனம் வேண்டும்: போகுமிடம் இன்னதென்று நிச்சயமின்றி அலைபவருக்கு, ஷாபிஈ மத்ஹபின்படி கஸ்ர் இல்லை. குடும்பத்தோடு கப்பலிலேயே வாழும் மாலுமி கஸ்ர் செய்யலாம் எனினும், பூரணமாகத் தொழுவதே அவருக்குச் சிறந்தது என்பர் அம்மத்ஹபின் இமாம்கள்.

நமக்கு ஆர்.வி.யும் வேண்டாம், ஆறாயிரம் மைலும் வேண்டாம். ஓய்வூதியம் கிடைத்த மாதத்தில் கணவர் மனைவியிடம், "நீங்க எங்க போக ஆசப்படுறீங்க?" என்று ஒரு தடவை கேட்கட்டும். தூரத்து ஊரிலுள்ள அவளது ராத்தாவின் வீடாக இருக்கலாம், இரண்டு நாள் கடற்கரையாக இருக்கலாம், சேமிப்பு இடங்கொடுத்தால் உம்ராவாகவும் இருக்கலாம். திரும்பி வந்த பிறகு பத்து மணித் தேநீரை அவரே ஊற்றட்டும். சகோதரிகளும், "நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது" என்ற எண்ணத்தை விட்டு, குசினியைச் சில நாட்கள் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப் பழக வேண்டும்.

முதுமையில் ஒருவருக்கொருவர் கண்குளிர்ச்சியாய் வாழும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!