இணையத்தில் ஓர் ஊரின் முகவரி

கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி கருணாபுரம். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை மாவட்டத்துக்கு வெளியே அப்பெயரை அறிந்திருந்தோர் மிகச் சிலரே. அம்மாதத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இன்று தேடுபொறியில் அப்பெயரைத் தட்டச்சு செய்தால் முன்வந்து நிற்பவை அந்நாள்களின் செய்திகளே. அவை மறைக்கத்தக்கவை அல்ல, மறக்கத்தக்கவையும் அல்ல. எனினும் ஓர் ஊரைப் பற்றிப் பிறர் எழுதியவை மட்டுமே இணையத்தில் நிறைந்து, ஊரார் தம்மைப் பற்றி எழுதியது ஒன்றும் இல்லாது போகுமானால், அவ்வூரின் கதை பாதியே சொல்லப்பட்டதாகும்.

இதே மாவட்டத்தில் சொல்வதற்கு வேறு செய்திகளும் உள்ளன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் செய்யப்படும் மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. கல்வராயன் மலைவாழ் மக்கள் தேன், கடுக்காய், சிறுதானியங்கள் ஆகியவற்றைச் சமவெளிக்கு அனுப்புகின்றனர். அப்பொருள்கள் பல கைகள் மாறித் தொலைதூரக் கடையை அடையும்போது, செய்தவரின் பெயரும் விளைந்த ஊரின் பெயரும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. செய்தவரே தம் பெயரோடு உலகின் முன் நிற்பதற்கு உள்ள எளிய வழி, சொந்தமான ஒரு வலைத்தளம். அதனை உருவாக்கித் தருபவர் வலைத்தள வடிவமைப்பாளர். அவரை எவ்வாறு தேர்வது, அவரிடம் வேலையை எவ்வாறு ஒப்படைப்பது என்பன இன்று கைவினைஞருக்கும் உழவர் குழுவுக்கும் பள்ளிக்கும் ஒருசேர எழும் வினாக்கள்.

திருக்குறள் இவ்விரு வினாக்களையும் தனித்தனியே பிரித்து வைத்துள்ளது. 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். ஆளைத் தேர்வது ஒன்று. தேர்ந்தவரிடம் வினையை ஒப்படைப்பது வேறொன்று. முன்னதில் காட்டும் கவனத்தைப் பின்னதில் காட்டாது இடர்ப்படுவோர் பலர்.

தளத்தின் உறுப்புகள்

வேலையை ஒப்படைப்பவர் நிரல் எழுதக் கற்றிருக்க வேண்டியதில்லை. ஆனால், தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். வலைத்தளம் நான்கு உறுப்புகளால் ஆனது. முதலாவது களப்பெயர், டொமைன் எனப்படுவது இதுவே. இது விலைக்கு வாங்கப்படுவதன்று. ஆண்டுக் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ளப்படுவது. இரண்டாவது, கோப்புகளைத் தாங்கி நிற்கும் வழங்கி. இதற்கும் வாடகை உண்டு. மூன்றாவது, பக்கங்களை உருவாக்கும் நிரலும் வடிவமும். நான்காவது, எழுத்தும் படமுமாகிய உள்ளடக்கம்.

வடிவமைப்பாளரின் தொழில் மூன்றாவது உறுப்பே. ஏனைய மூன்றையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

இணைந்து செய்த ஒரு வேலை

தமிழ் இணையத்தின் தொடக்கம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1991இல் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் வலைத்தளத்தைப் பொதுவெளியில் வைத்தார். நான்கு ஆண்டுகளே கழிந்த நிலையில், 1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஒரு தளம் திறந்துவைக்கப்பட்டது. தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய மிகத் தொடக்ககாலத் தளம் அது. அதில் தமிழை ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. அவர் எழுத்தாளர், ஆசிரியர். கணினிப் பொறியியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இணைய நுட்பம் அறிந்த டான் டின் வீ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.  ஒருவர் மொழியைக் கொண்டுவந்தார்; மற்றவர் கருவியைக் கொண்டுவந்தார். நல்ல வலைத்தளம் இன்றும் இப்படியே உருவாகிறது. மரச்சிற்பத்தைப் பற்றிச் சிற்பிக்குத் தெரிந்ததை வடிவமைப்பாளர் தாமாக ஊகித்து எழுத இயலாது. உள்ளடக்கத்தைத் தராமல் தளத்தை மட்டும் கேட்பவருக்குக் கிடைப்பது, யாருடைய கடைக்கும் பொருந்தக்கூடிய வெற்றுச் சொற்கள் நிறைந்த பக்கம்.

செய்த வேலையைப் பார்த்தல்

சிற்பியிடம் வருபவர் முதலில் கேட்பது, அவர் முன்பு செய்த உருவங்களையே. வடிவமைப்பாளரிடம் கேட்கவேண்டியதும் அதுதான். ஆனால், அவர் காட்டும் படங்களைப் பார்த்து மட்டும் மயங்குதல் கூடாது. அவர் செய்த தளங்களின் முகவரிகளைப் பெற்று, விலையுயர்ந்த கணினியில் அல்லாது எளிய திறன்பேசி ஒன்றில் திறந்து பார்த்தல் நன்று. கல்வராயன் மலையூர்களில் சில இடங்களில் அலைவரிசை மெலிந்தே கிடைக்கும். அங்கிருந்து பார்ப்பவருக்கும் திறக்கும் தளமே எல்லார்க்கும் திறக்கும் தளம்.

இதற்கு ஓர் எளிய கணக்குப் போதும். திறன்பேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் அளவுடையது எனக் கொள்வோம். அது 32 மெகாபிட். நொடிக்கு 1 மெகாபிட் வரும் இணைப்பில் அந்த ஒரு படம் வந்துசேர 32 நொடிகள் ஆகும். பத்துப் படங்கள் கொண்ட பக்கம் முழுமை பெற ஐந்து நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எவரும் காத்திருப்பதில்லை. அதே படத்தைத் திரைக்கு ஏற்றவாறு 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வடிவமைப்பாளர் இதைச் செய்திருக்கிறாரா என்பதை அவரைக் கேளாமலே, தளத்தைத் திறந்து பார்த்து அறிந்துகொள்ளலாம்.

தமிழ்த் தளம் எனில் மற்றொரு சோதனையும் உண்டு. பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லை விரலால் அழுத்தித் தெரிவுசெய்து, படியெடுத்து, தேடுபொறியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சொல் அப்படியே வந்தால் அது ஒருங்குறியில் உள்ளது. பொருளற்ற குறிகளாக வந்தால் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் உள்ளது. தெரிவு செய்யவே இயலவில்லை எனில், எழுத்து படமாக ஒட்டப்பட்டிருக்கலாம். பின்னிரண்டு நிலைகளிலும் அப்பக்கம் தேடுவோர் கண்ணில் படுவது அரிது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளாலும் அதைப் படிக்க இயலாது.

இச்சோதனைக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் தமிழ் இதழ்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென எழுத்துருவும் குறியாக்கமும் வைத்துக்கொண்டன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க வாராது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் முன்வைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் உண்டு. ‘அ’ என்பதன் எண் 0பி85. இத்துணை முயற்சிக்குப் பின்னும் அழகான எழுத்துரு ஒன்றின்மேல் கொண்ட ஆசையால் தமிழைப் படமாக்கி ஒட்டும் வடிவமைப்பாளர் இருப்பது வியப்பே.

தமிழில் வேலை செய்து பழகாதவரிடம் வேறு குறைகளும் காணப்படும். ஆங்கிலச் சொல் அடங்கும் பொத்தானில் ‘தொடர்புகொள்க’ என்னும் சொல் அடங்காமல் இரண்டாக ஒடிந்து நிற்கும். வரிகளுக்கு இடைவெளி போதாமல் மேல்வரியின் உகரக் கீழ்விலங்கும் கீழ்வரியின் மேல்விலங்கும் உரசிக்கொள்ளும். ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது என்பதும் சிறிய செய்தியன்று. கள்ளக்குறிச்சியை ஆங்கில எழுத்தில் ஒரு ‘கே’ இட்டு எழுதுவோரும் உளர். இரண்டு இட்டு எழுதுவோரும் உளர். தேடுவோர் எவ்வாறு எழுதினும் தளம் அகப்படவேண்டும்.

முன்னர் வேலை கொடுத்தவர்களுள் ஓரிருவரிடம் பேசிப்பார்ப்பதும் தேவை. தளம் அழகாக வந்ததா என்பதைவிட, அது பழுதுபட்டபோது அவர் தொலைபேசியை எடுத்தாரா என்று கேட்பதே பயனுடையது.

விலையும் வேலையும்

மிகக் குறைந்த விலை சொல்பவர் ஏமாற்றுபவர் என்றோ, மிகுந்த விலை சொல்பவர் வல்லவர் என்றோ கொள்வதற்கில்லை. வேர்ட்பிரஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில், ஆயத்தமாக உள்ள ஒரு வார்ப்பைத் திருத்தித் தருபவரின் வேலையும், முதலிலிருந்து நிரல் எழுதுபவரின் வேலையும் ஒன்றல்ல. உலக வலைத்தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வேர்ட்பிரஸில் இயங்குகின்றன; ஆகவே அதனைத் தாழ்ந்த வழியென்று கருதவேண்டியதில்லை. ஒரு சிற்பக்கூடத்துக்கு ஐந்தாறு பக்கங்களும், படத்தொகுப்பும், தொடர்பு எண்ணும் போதுமானால், புதிதாக நிரல் எழுதச்செய்வது வீண் செலவு. எத்தனைப் பக்கம், எத்தனை மொழி, விற்பனை அங்கேயே நடக்குமா, படம் எடுப்பது யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, மூவரிடம் அதே தாளைக் கொடுத்து விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும். தாள் இல்லாமல் கேட்கும்போது மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்வர்.

அச்சாரம் கொடுத்து, பாதியில் ஒரு பகுதி கொடுத்து, முடிந்தபின் மீதியைத் தருவது சிற்பத்தொழிலில் பழகிய முறையே. அது இங்கும் பொருந்தும். ஆனால் வேலை ‘முடிந்தது’ என்பதற்கு இருவரும் ஒரே பொருள் கொண்டிருத்தல் வேண்டும்.

எழுத்தில் இருக்கவேண்டியவை

பலர் அறியாத சட்டச் செய்தி ஒன்று உள்ளது. பணம் கொடுத்ததனாலேயே தளத்தின் உரிமை கொடுத்தவருக்கு வந்துவிடுவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதைப் படைத்தவரே. நிறுவனத்தின் பணியாளர் தம் பணியின்போது படைத்தது நிறுவனத்தைச் சேரும். ஆனால் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் பணியாளர் அல்லர். அவர் எழுதிய நிரலின் உரிமை மாற்றப்பட வேண்டுமானால், அது எழுத்தில் இருந்து, அவரது கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வெழுத்திலும் கால அளவு குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், இட எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. உலகெங்கும் பார்க்கப்படும் தளத்துக்கு இவ்விரு வெற்றிடங்களும் ஆகாதவை.

களப்பெயரின் நிலை இதனினும் கூர்மையானது. அதனைப் பதிவு செய்யும்போது உரிமையாளர் என்னும் இடத்தில் எவர் பெயரும் மின்னஞ்சலும் இடப்படுகின்றனவோ, பதிவு நிறுவனத்தின் கணக்கில் அது அவருக்கே உரியது. உதவி செய்யும் நோக்கிலேயே வடிவமைப்பாளர் தம் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கலாம். மூன்றாண்டு கழித்து அவர் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ சென்றிருப்பார். புதுப்பிக்குமாறு வரும் அறிவிப்பு எவரும் திறவாத அஞ்சற்பெட்டியில் கிடக்கும். காலாவதியான பெயரை மீட்க ஒரு குறுகிய காலம் தரப்படும். அதுவும் கடந்தால் அப்பெயர் எவர்க்கும் கிடைக்கும். அட்டையிலும் பலகையிலும் அச்சிட்ட முகவரி அன்று அயலாரின் வாசலாகிவிடும்.

இப்பெயர்கள் வெறும் முகவரிகள் அல்ல என்பதை உச்ச நீதிமன்றமே 2004இல் உறுதி செய்தது. சத்யம் இன்போவே நிறுவனத்துக்கும் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், களப்பெயரும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்காடி மீட்பதைவிட, பதிவின்போது சொந்த மின்னஞ்சலை இடுவது மிக எளிது. அதற்குச் செலவும் இல்லை.

கள்ளக்குறிச்சிச் சிற்பிகள் கருதவேண்டிய மற்றொன்று புவிசார் குறியீடு. 1999ஆம் ஆண்டின் சட்டப்படி, அக்குறியீட்டைத் தம் பொருளுக்குப் பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்க்கே உண்டு. பக்கத்தின் தலையில் அழகுக்காக அச்சின்னத்தை வைக்க வடிவமைப்பாளர் முன்வந்தால், பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது சிற்பியின் பொறுப்பு.

கையளிக்கும் நாள்

தளம் திறக்கப்படும் நாளில் வடிவமைப்பாளரிடமிருந்து பெறவேண்டியவை சில உள: களப்பெயர்க் கணக்கின் கடவுச்சொல், வழங்கியின் கடவுச்சொல், தளத்தின் முழுப்படி, புதுப்பிக்கவேண்டிய தேதிகள். அன்றே கடவுச்சொற்களை மாற்றிவிடுதல் முறை. இதனை நல்ல வடிவமைப்பாளர் தாமே சொல்வார். முழுப்படியை ஏன் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஜியோசிட்டீஸ் சான்று. 1994இல் தோன்றிய அவ்விலவசச் சேவையில் உலகெங்கும் எளிய மக்கள் எண்ணற்ற பக்கங்களை அமைத்திருந்தனர். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் அதனை மூடியது. படி வைத்திராதவர்களின் பக்கங்களில், தன்னார்வலர்கள் அவசரமாகச் சேமித்தவை தவிர மற்றவை அழிந்தன.

அதே நாளில் படத்தை மாற்றுவதும், ஒரு பத்தியைத் திருத்துவதும், புதிய பொருளைச் சேர்ப்பதும் எவ்வாறு என வடிவமைப்பாளர் கற்பித்துச் செல்லவேண்டும். கற்றுக்கொள்பவர் பெரும்பாலும் அவ்வீட்டின் பள்ளி மாணவராகவே இருப்பார். கூடத்தில் புதிதாகச் செதுக்கி முடித்த ஒரு வாகை மரச் சிற்பத்தைப் படமெடுத்து, சுருக்கி, அதன் கீழே செய்தவரின் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழில் தட்டச்சு செய்து, வடிவமைப்பாளர் அருகிலிருக்கும்போதே அம்மாணவர் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.