தரங்கம்பாடி தந்த அச்செழுத்து

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

‘தரங்கம்’ என்றால் அலை. அலை பாடும் ஊர் என்பதால் தரங்கம்பாடி என்று பெயர் வந்ததாகக் கூறுவர். வானம் பார்த்த கரிசல் பூமியில் பிறந்த நமக்குக் கடலைக் காண்பதே ஒரு திருவிழா அல்லவா? சென்ற கோடை விடுமுறையில் உறவினர் திருமணத்திற்காக மயிலாடுதுறை சென்ற நானும் என் தந்தையாரும், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூருக்குப் பேருந்தில் சென்று வந்தோம். கோட்டையைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் என் மனத்தில் நிலைத்து நின்றது கோட்டையன்று. ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்தே.

ஊரும் வரலாறும்

1620-ஆம் ஆண்டு, தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டு வணிகக் குழுவினருக்கு இவ்வூரில் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் இசைவு தந்தார். அவர் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஓலையில் எழுதி அனுப்பிய தமிழ் மடல் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. அவ்வாறு எழுந்ததே கடற்கரையிலுள்ள டேன்ஸ்போர்க் கோட்டை. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1845 வரை ஊர் டேனியர் வசம் இருந்தது. அவ்வாண்டு தரங்கம்பாடியும் வங்கத்துச் செராம்பூரும் 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

1792-இல் கட்டிய நகர வாயிலைக் கடந்தால் ராஜ வீதி. அவ்வீதியிலே 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அருகிலே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 26-12-2004 அன்று வந்த ஆழிப்பேரலை இவ்வூர் மீனவ மக்களுள் ஏராளமானோரின் உயிரைக் குடித்தது. பாடும் கடலே பறிக்கவும் செய்தது!

மணலில் எழுதிய மாணவர்

1706 ஜூலையில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் இங்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 24 வயது நிறையும் தறுவாய். தமிழ் கற்பதற்காக அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு சரிக்குச் சரியாக அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் கோட்டையிலே சிறை வைக்கப்பட்டார். ஆயினும் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்தார்.

பெயர்த்தால் போதுமா? அச்சேற வேண்டுமே! தமிழில் முதல் அச்சு நூல் இதுவன்று. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகியிருந்தது. ஆனால் அத்தொழில் அன்று தொடர்ந்து வேரூன்றவில்லை. தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி 1712-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன. அங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. எழுத்துகள் மிகப் பெரியவை. தாளோ கப்பலில் வரவேண்டிய அரும்பொருள். எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அதற்கான ஈயம், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியைச் சுற்றி வந்த ஈயத் தகடு என்று கூறப்படுகிறது. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் அமைத்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது. 1719-இல் 36 வயதிலேயே மறைந்த சீகன்பால்கு, புதிய எருசலேம் ஆலயத்திலே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

ஈயமும் எழுத்தும்

தனி ஈயம் மென்மையானது; அழுத்தத்தில் நசுங்கிவிடும். பிற்கால அச்சகங்களில் ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகக் கலவையே வழங்கியது. ஆண்டிமனி கடினத்தன்மை தருவதோடு, உலோகம் உறையும்போது சுருங்குவதையும் குறைக்கிறது. அதனால் எழுத்தின் முனை மழுங்காமல் வரும். வெள்ளீயம் கலவையை அச்சின் நுண்ணிய பள்ளங்களில் எல்லாம் ஓடச் செய்யும். மேலும் ஆங்கிலத்தைப்போல் 26 எழுத்தோடு தமிழில் முடிந்துவிடாது. கி, கீ, கு, கூ என ஒவ்வொன்றையும் தனித்தனியே வார்த்தாக வேண்டும்.

இவற்றை எல்லாம் ஆலயத்தின் முன் நின்று அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்று, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பிரித்து அறைப்பெட்டியில் போடும் வேலைக்குச் சென்றவர். அச்செழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். நேர் எழுத்தைவிடத் திருப்பிய எழுத்தையே அவர் விரைந்து படிப்பார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: “எழுத்து பெருசா இருந்தா தாளைத் தின்னுரும்யா. இந்தக் கணக்கு எனக்குப் பன்னெண்டு வயசுலயே தெரியும். ஆனா அது இம்புட்டு பழசுன்னு இன்னைக்குத்தான் தெரியும்.”

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் நான், படிக்காதவர் அப்பா என்று இதுவரை எண்ணியிருந்தேன். என் பாடப் புத்தகங்களைச் சுமந்து வந்த எழுத்தை, கை கறுக்கக் கறுக்கப் பிரித்துப் போட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பது அன்றுதான் உறைத்தது.

இன்று ஈய எழுத்துகள் உருக்கப்பட்டுவிட்டன. சிவகாசி முழுவதும் ஆப்செட் பொறிகள் ஓடுகின்றன. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமன்று, அச்சுக்கும் பெயர்பெற்ற மண் நம் மண். ஆகவே நண்பர்களே, தரங்கம்பாடிக்குச் சென்றால் கோட்டையையும் கடலையும் கண்டு மகிழுங்கள். கூடவே, வீட்டில் அச்சுத் தொழில் செய்த பெரியவர் எவரேனும் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நூலில் இல்லாத பாடம் ஒன்று அவரிடம் இருக்கும்.