சுரங்கத்தில் இறங்கியவருக்குக் கயிறு பிடித்தவர்கள்

கோலார் தங்க வயலில் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் மேல் ஆழம் போனது. கூண்டில் நின்று இறங்குகிற தொழிலாளியின் உயிர், மேலே விசைப்பொறியை ஓட்டுகிறவரின் கையில் இருந்தது. கீழே இருப்பவருக்கு அவர் முகம் தெரியாது. மணி அடித்தால் கயிறு நகர வேண்டும். அந்த நேரத்தில் அவர் பொறியின் பக்கத்தில் இல்லாமல், டீ குடிக்கப் போயிருந்தால் என்ன ஆகும்? 2001-ம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டு விட்டது. ஆனால் இந்தக் கேள்வியின் அர்த்தம் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் விளங்கும்.

இதே சுரங்கப் பேச்சு 1792-ம் ஆண்டில் இங்கிலாந்திலும் நடந்தது. இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போவது ஆழம் தெரியாத சுரங்கத்தில் இறங்குவது போல என்று பேச்சு வந்தது. வில்லியம் கேரி என்ற ஏழைப் போதகர், "நான் இறங்குகிறேன், நீங்கள் மேலே கயிற்றைப் பிடித்துக் கொள்ள வேண்டும்" என்ற பொருளில் பதில் சொன்னாராம். பிற்காலத்தில் அவருடைய நண்பர் ஆண்ட்ரூ புல்லர் சொல்லி, அந்தப் பேச்சு நிலைத்து விட்டது.

இறங்கிய கேரியை உலகம் அறியும். செருப்பு தைத்துப் பிழைத்தவர். செராம்பூரில் அச்சகமும் கல்லூரியும் கண்டவர். மேலே நின்று கயிறு பிடித்தவர்கள் யார், எப்படிப் பிடித்தார்கள் என்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. பிறருக்காக ஜெபிப்பதை ஒரு வழக்கமாக்கிக் கொள்ள விரும்புகிறவர்கள் படிக்க வேண்டியது அந்தக் கதையைத்தான்.

மாதத்தின் முதல் திங்கள்

கதை 1784-ல் தொடங்குகிறது. கேரி அப்போது பெயர் தெரியாத செருப்புத் தொழிலாளி. ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடம் ஜூன் மாதம், நார்த்தாம்டன்ஷயர் வட்டாரத்துப் பாப்டிஸ்டு சபைகளின் ஆண்டுக் கூட்டம் நாட்டிங்காம் நகரில் கூடியது. ஓல்னி என்ற ஊரின் போதகர் ஜான் சட்கிளிப் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, ஒரு மணி நேரம், எல்லாச் சபைகளும் அந்தந்த ஊரிலேயே கூடி ஜெபிக்க வேண்டும். தங்கள் குடும்பத்துக்காக மட்டும் வேண்டிக் கொண்டால் போதாது. மற்றச் சபைகளுக்காகவும், பூமியின் கடைசி எல்லையில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிக் கொள்ள வேண்டும்.

இந்த யோசனை சட்கிளிப்பின் மூளையில் மட்டும் உதித்ததல்ல. அமெரிக்காவில் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்ற போதகர் அதற்கு 36 வருடங்களுக்கு முன்பே இப்படிக் கூட்டு ஜெபத்தை வற்புறுத்தி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். அனுப்பியவர் வேறு சபை, எழுதியவர் வேறு சபை. நல்ல காரியம் என்று பட்டதும் இவர்கள் எடுத்துக் கொண்டார்கள். சபைக்குச் சபை சண்டை போடுகிற நமது ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நாள் ஒன்று, நேரம் ஒன்று, காரியம் ஒன்று. இவ்வளவுதான் ஏற்பாடு. வந்தவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் குறைவு. சிற்றூர்களில் தோல் தைத்தும் துணி நெய்தும் பிழைத்தவர்களே அந்தச் சபைகளில் ஏராளம்.

கேரி இந்தச் சூழ்நிலையில் வளர்ந்தார். வேலை செய்யும் இடத்தில் காகிதங்களை ஒட்டி ஓர் உலகப் படம் தயாரித்து மாட்டினார். எந்த நாட்டில் எத்தனை ஜனம், என்ன மதம் என்று அதில் குறித்து வைத்தார். 1792-ல் அவர் எழுதிய சிறு புத்தகத்தில், முதலில் ஒன்றுபட்ட ஜெபம் வேண்டும் என்கிறார். பிறகு, வாரத்துக்கு ஒரு பென்னி போட்டால் போதும் என்று காசுக் கணக்கும் சொல்கிறார். ஜெபத்தையும் சில்லறையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வருடம் அக்டோபர் 2-ந் தேதி, கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டுப் பின்கட்டில் சங்கம் பிறந்தது. சேர்ந்த தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

பலன் இல்லாத ஏழு வருடம்

1793 ஜூனில் கப்பல் ஏறிய கேரி குடும்பம், ஐந்து மாதம் கழித்து நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. கையில் இருந்த பணம் சீக்கிரமே தீர்ந்தது. வங்காளத்தின் உள்நாட்டில் மட்னாபாட்டி என்ற இடத்தில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் மேனேஜராகச் சேர்ந்தார். பிழைப்புக்காக வெளியூரில் சம்பளத்துக்கு இருப்பது என்ன என்பது அவருக்கும் தெரியும். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக் கடுப்பில் இறந்தான். மனைவி டோரதிக்குப் புத்தி பேதலித்தது. 1807-ல் கண் மூடும் வரை அந்த அம்மாள் தெளியவில்லை.

ஏழு வருடத்தில் ஒரு வங்காளிகூட ஞானஸ்நானம் பெறவில்லை. ஊருக்கு எழுதினால் கடிதம் போய்ச் சேரவே ஐந்தாறு மாதம். பதில் வர இன்னொரு ஐந்தாறு மாதம். இன்று எழுதிய கஷ்டத்துக்கு ஆறுதல் வருவதற்குள் வருடம் திரும்பி விடும்.

ஆனாலும் முதல் திங்கள் நடந்து கொண்டே இருந்தது. புல்லர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். கேரியின் கடிதங்களைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டுச் சபைகளுக்கு அனுப்பினார். பீட்டர் இறந்தது, மொழி வராமல் திண்டாடியது, காய்ச்சல், கடன் எல்லாம் ஜெபிக்கிறவர்களுக்குத் தெரிந்தது. "மிஷனரிகளை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிலை இல்லை.

கேரிக்கு ஒரு தங்கை. பெயர் மேரி, வீட்டில் பாலி என்று கூப்பிடுவார்கள். பாரிசவாயு வந்து அரை நூற்றாண்டுக் காலம் படுக்கையில் கிடந்தவர். எழுந்து நடக்க முடியாத அந்தப் பெண், அண்ணனுக்குக் கடிதம் எழுதுவதையும் அவருக்காக ஜெபிப்பதையும் வேலையாகவே வைத்துக் கொண்டார். சங்கத்தின் கமிட்டியில் அவர் இல்லை. கயிறு பிடித்தவர்கள் பட்டியல் போட்டால் அவரை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

1800-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். கை மூட்டு விலகியதற்கு வைத்தியம் பார்க்க வந்து, மிஷனரிகளோடு பழகியவர். 1784 முதல் கணக்குப் போட்டால் அதற்குள் ஏறக்குறைய 200 முதல் திங்கள்கள் கடந்திருந்தன.

பிடி தளர்ந்த காலம்

இந்தக் கதையை இங்கேயே முடித்து விடுகிறவர்கள் உண்டு. அது முழுக் கதை ஆகாது. புல்லர் ஐந்து முறை ஸ்காட்லாந்து வரை போய்ச் சங்கத்துக்குப் பணம் சேர்த்தவர். 1812-ல் செராம்பூர் அச்சகம் தீப்பிடித்து எரிந்தபோது, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சபைகள் சில மாதங்களுக்குள் நஷ்டத்தை ஈடு செய்தன. 1814-ல் சட்கிளிப் காலமானார். 1815-ல் புல்லரும் போனார். பின்னால் கமிட்டிக்கு வந்தவர்கள் பலர் கேரியை நேரில் பார்த்ததே இல்லை. சொத்து யாருடையது, கணக்கு எங்கே என்று கடிதங்கள் பறந்தன. மனக்கசப்பு முற்றி 1827-ல் செராம்பூரும் தாய்ச் சங்கமும் பிரிந்தன. பெயர் சொல்லி, முகம் நினைத்து வேண்டிக் கொண்டவர்கள் இருந்தவரை இந்த நிலை வரவில்லை. கேரி ஊர் திரும்பாமலே 1834-ல் செராம்பூரில் காலமானார்.

அகதிகள் வைத்த கடிகாரம்

முதல் திங்களுக்கும் முந்திய வழக்கம் ஒன்று ஜெர்மனியில் இருந்தது. மொராவியாவிலிருந்து மத நெருக்கடிக்குப் பயந்து ஓடி வந்த தொழிலாளிகள், சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹட் என்ற ஊரை அமைத்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குள் வழக்கம் போலச் சச்சரவு. 1727 ஆகஸ்டில் சமாதானம் ஆனார்கள். அதே மாதம் 27-ந் தேதி 24 ஆண்களும் 24 பெண்களும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். நாளின் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு, ஆளுக்கு ஒரு மணி ஜெபிப்பது. மில்லில் ஷிப்டு மாறுவது போல ஒருவர் முடித்தால் அடுத்தவர். இந்தச் சங்கிலி 100 வருடத்துக்கும் மேல் நீடித்தது.

1732-ல் அந்த ஊரிலிருந்து ஒரு குயவரும் ஒரு தச்சரும் மேற்கிந்தியத் தீவின் அடிமைகளிடம் ஊழியத்துக்குப் போனார்கள். 1760-ல் அந்தச் சகோதரர்கள் நமது தரங்கம்பாடிக்கே வந்தார்கள்.

தமிழர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாங்களே ஒரு மிஷனரிச் சங்கம் கண்டு, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதில் முன் நின்ற வெள்ளாளன்விளை அசரியா, 1909-ல் தாமே தோர்ணக்கல்லுக்குக் குடியேறித் தெலுங்கு கற்றார். 1912-ல் அங்கே பிஷப் ஆனார். 1905-ல் தேசிய மிஷனரிச் சங்கம் உருவானது, அதே செராம்பூரில். 1950-களின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்து வாலிபர்கள் சிறு சிறு ஜெபக் குழுக்களாகக் கூடத் தொடங்கி, பிறகு வட மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பிய இயக்கத்துக்குப் பெயரே பிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பாண்ட்.

நேரம் எங்கே இருக்கிறது?

வெளி மாநிலத்தில் வேலை பார்க்கிறவர்கள் சொல்வது இதுதான். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கை. ஆபீசில் எட்டு மணி நேரம், பஸ்ஸிலும் ரயிலிலும் மூன்று மணி நேரம். பைபிளில் வரும் தானியேல் வேற்று நாட்டு அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். பொறாமைக்காரர்கள் வேவு பார்த்துக் கொண்டிருந்தபோதும் தினம் மூன்று வேளை ஜெபத்தை விடவில்லை. அதற்காக எல்லோரும் மூன்று வேளை என்று ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் நின்று விடும்.

சிறியதாகத் தொடங்கலாம். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் என்றோ, இரவு ஷிப்டு முடிந்து முகம் கழுவியதும் என்றோ, தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு ஜெபத்தைச் சேர்த்து வைத்துக் கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு பெயர். திங்கள் என்றால் ஊர்ப் போதகர், செவ்வாய் என்றால் வடக்கே இருக்கும் ஊழியக் குடும்பம், இப்படி. பெயரோடு என்ன தேவை என்பதையும் தேதியையும் சட்டைப் பை நோட்டில் குறித்தால், ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கலாம். ஷிப்டு மாறி நாலு நாள் விட்டுப் போனால், பாக்கியைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று மலைக்காமல் அன்றைய பெயரிலிருந்து தொடர்ந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. ஊழியர் நம்பிச் சொன்ன குடும்பக் கஷ்டம், "ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்ற பெயரில் சபை வாசலில் நாலு பேர் வாயில் அடிபடுவது நடக்கிற காரியம். அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த முறை அவர் எதையும் சொல்ல மாட்டார்.

கேரியின் காலத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ள ஒரு வருடம் ஆயிற்று. இன்று கைபேசியில் ஒரு நிமிடம். "என்ன வேண்டிக் கொள்ளட்டும்?" என்று கேட்டால், ஊழியர்கள் பெரிய விஷயம் எதுவும் சொல்வதில்லை. பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டும். மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும். இந்த ஊர் மொழி இன்னும் நாக்கில் ஏறவில்லை. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.