இரு நாட்டுக் குடும்பச் செலவு: ஓர் ஒப்பீடு

மக்களின் வாழ்க்கைத் தரத்தை அறிய விழைவோர்க்குக் குடும்பச் செலவுக் கணக்குச் சிறந்ததொரு சான்றாகும். 2019ஆம் ஆண்டில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாதச் செலவு 63,130 ரூபா எனத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணித்தது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் குடும்பமொன்றின் சராசரி ஆண்டுச் செலவு 63,036 டொலர் என அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் அறிவித்தது. எண்கள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் தற்செயலே. ஒன்று மாதத்துக்குரியது, மற்றையது ஆண்டுக்குரியது. ஒன்று ரூபா; மற்றையது டொலர். இவற்றை ஒப்பிடுதல் எங்ஙனம்?

அவ்வாண்டில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறக்குறைய 179 ரூபா. இவ்வீதப்படி இலங்கைக் குடும்பத்தின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 4,230 டொலராகும். அமெரிக்கக் குடும்பத்தின் செலவு அதனிலும் பதினைந்து மடங்கு. இலங்கைக் குடும்பத்தில் சராசரியாக 3.7 பேரும் அமெரிக்கக் குடும்பத்தில் 2.5 பேரும் உளர். ஆகவே ஆள்வீதம் நோக்கின் வேறுபாடு இருபத்திரண்டு மடங்காக விரிகின்றது.

அமெரிக்கர் ஒருவர் இலங்கையரிலும் இருபத்திரண்டு மடங்கு நுகர்கின்றார் என இதனாற் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. முடிவெட்டுதல், பேருந்துப் பயணம் போன்ற சேவைகள் கப்பலேறிப் பிறநாடு செல்வனவல்ல. கூலி குறைந்த நாட்டில் அவற்றின் விலையுங் குறைவு. நாணயமாற்று வீதம் இதனைப் புலப்படுத்தாது. ஆதலினாற்றான் பொருளியலார் கொள்வனவுச் சக்திச் சமநிலை என்னும் வேறோர் அளவுகோலையுங் கையாளுவர்.

மொத்தத்தை விடுத்துப் பங்குகளை நோக்கின் நாணயத்தால் வருந் தொல்லை பெரிதும் நீங்கும். 1857ஆம் ஆண்டில் சக்சனி நாட்டுப் புள்ளிவிபர அறிஞர் ஏணஸ்ற் எங்கெல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுகளை ஆராய்ந்து, குடும்பம் வறியதாகுந்தோறும் உணவுக்குச் செல்லும் பங்கு பெரிதாகும் என்னும் விதியைக் கண்டார். 2019இல் இலங்கைக் குடும்பம் உணவுக்கு நூற்றுக்கு 35.1 பங்கைச் செலவிட்டது. அமெரிக்கக் குடும்பம் 8,169 டொலரை, அஃதாவது நூற்றுக்கு 13 பங்கையே செலவிட்டது. மொத்தச் செலவிற் பதினைந்து மடங்கான வேறுபாடு உணவில் ஐந்தரை மடங்காகச் சுருங்குகின்றது. வயிற்றுக்கு எல்லையுண்டு, பிற தேவைகளுக்கு அத்தகைய எல்லையில்லை. அமெரிக்கச் செலவில் மூன்றிலொரு பங்கு வீட்டுக்கும் ஆறிலொரு பங்கு போக்குவரத்துக்கும் செல்கின்றது.

செலவு மிகுவதெல்லாம் நலம் மிகுவதன்று என்பதும் நோக்கற்பாலது. அமெரிக்கக் குடும்பம் மருத்துவத்துக்கு 5,193 டொலர் செலவிட்டது. அதிற் பெரும்பகுதி காப்புறுதிக் கட்டணமாகும். இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கின்றது. இலவசக் கல்வி 1945 முதல் நடைபெறுகின்றது. இவற்றுக்கான செலவை அரசிறை தாங்குவதால் அது குடும்பக் கணக்கில் தோன்றுவதில்லை.

சராசரியும் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. 2019இல் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. இடையமோ 53,333 ரூபா. பாதிக் குடும்பங்கள் இத்தொகைக்கு மேற்படாத வருமானத்திலேயே வாழ்ந்தன. செல்வர் சிலரின் பெருவருமானம் சராசரியை உயர்த்திவிடுகின்றது.

இவ்வொப்பீட்டின் பயன் நெருக்கடிக் காலத்திலே தெளிவாகும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் உணவு விலை முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் நூற்றுக்கு 94.9 உயர்ந்திருந்தது. உணவு விலை இரட்டிக்குமாயின், முன்னுண்ட அளவே உண்பதற்கு அமெரிக்கக் குடும்பம் தன் மொத்தச் செலவில் எட்டிலொரு பங்கையே மேலதிகமாகத் தேடவேண்டும். இலங்கைக் குடும்பமோ மூன்றிலொரு பங்குக்கு மேல் தேடவேண்டும். வறிய குடும்பத்தின் நிலை இதனினுங் கொடிது. அதன் உணவுப் பங்கு சராசரியினும் பெரிதாதலின், குறைப்பதற்கு வேறு செலவில்லாது அது உணவையே குறைக்க நேரிடும்.

ஆகவே ஒரு குடும்பம் எவ்வளவு செலவிடுகின்றது என்று வினவுதல் மட்டும் போதாது. உணவு போக எஞ்சுவது எவ்வளவு என்று வினவுதலும் வேண்டும். அக்குடும்பம் இடர்க்காலத்தைத் தாங்குமோ என்பதை அவ்வெஞ்சிய பங்கே உணர்த்தும்.