புறா கையில், சிலுவை தண்ணீரில்

உயிருள்ள ஒரு வெள்ளைப் புறாவை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் நடுவே நடந்து பார்த்திருக்கிறீர்களா? கொஞ்சம் இறுக்கினால் அதற்கு மூச்சு முட்டும். கொஞ்சம் தளர்த்தினால் சிறகை விரித்துக்கொண்டு கிளம்பிவிடும். அதன் குட்டி நெஞ்சு படபடவென்று அடிப்பது விரல் நுனி வரைக்கும் தெரியும். ஜனவரி 6 காலையில், அமெரிக்காவின் டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் ஊரில், வெள்ளை உடை போட்ட ஓர் இளம்பெண் செய்யும் வேலை இதுதான். தேவாலயத்திலிருந்து நீர்க்கரை வரைக்கும் ஊர்வலம் முழுக்க அந்தப் புறா அவள் பொறுப்பு. அதைப் பறக்கவிட வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு நொடி முன்னால் அது பறந்துவிடக் கூடாது!

வாருங்கள், கூட்டத்துக்குப் பின்பக்கமாகப் போவோம். முன்பக்கத்தைத்தான் தொலைக்காட்சிக் கேமராக்கள் எடுத்துக்கொள்கின்றனவே.

ஃப்ளோரிடாவில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, அன்க்லோட் ஆற்றின் முகத்துவாரத்தில், சுமார் 25,000 பேர் வாழும் சின்ன ஊர் இது. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் அமெரிக்காவிலேயே கிரேக்க வம்சத்தவர் மிக அதிகமாக இருக்கும் நகரம். நியூயார்க்கின் அஸ்டோரியா, சிகாகோவின் கிரீக்டவுன், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் என்று கிரேக்கர்கள் போய் வேரூன்றிய பெரிய இடங்கள் எத்தனையோ உண்டு. இருந்தாலும் எனக்கு இந்த ஊர்மேல்தான் கொள்ளை ஆசை. மற்ற இடங்களில் கடை வைத்தார்கள், ஹோட்டல் நடத்தினார்கள், படித்துப் பெரிய ஆளானார்கள். இங்கே வந்தவர்களோ தங்கள் தீவின் தொழிலை, அதன் ஆபத்தோடும் பாட்டோடும் சாமியோடும் சேர்த்து, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடலுக்கு அடியில் இறங்கிக் கடற்பஞ்சு அறுப்பதுதான் அந்தத் தொழில்.

அந்தக் காலை நேரத்துக்குத் திரும்புவோம். புனித நிக்கோலஸ் பேராலயத்துக்குள் சாம்பிராணிப் புகை. பூசை கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் நீண்டுகொண்டே போகிறது. நிக்கோலஸ் மாலுமிகளின் காவலர், அதனால் இந்த ஊருக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி. 1907-ல் எழுந்த சிறிய கோயிலின் இடத்தில் 1943-ல் இந்தப் பெரிய கோயில் வந்தது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவை நினைவூட்டும் அமைப்பு. உள்ளே இருக்கும் பளிங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1939-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் கிரேக்க அரங்கத்துக்காகக் கொண்டுவந்த பளிங்கு! கண்காட்சி முடிந்தது, கல் இங்கே வந்து பீடமாகிவிட்டது.

அந்தப் பையன்களைப் பாருங்கள். 16 முதல் 18 வயது. எண்ணிக்கை ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் போகும். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை பனியன், வெறுங்கால். ஜனவரிக் குளிரில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான், ஒருவன் பக்கத்தில் இருப்பவன் தோளைத் தட்டுகிறான், ஒருவன் யாரையுமே பார்க்கவில்லை. இந்த மூன்று வருடம் போனால் இந்த வயது திரும்பாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஏசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்ற நாளின் நினைவாக நடக்கும் விழா இது. கிரேக்கத்தில் ‘தியோஃபானியா’. புறா தூய ஆவியின் அடையாளம். பேராயர் தண்ணீரில் எறியும் வெள்ளை மரச் சிலுவையை யார் முதலில் எடுக்கிறானோ, அந்த வருடத்தின் ஆசி அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும். 1906-லிருந்து இந்த ஊரில் நடந்துவருகிறது. நூறாவது விழாவுக்கு 2006-ல் கான்ஸ்டாண்டினோபிளின் முதுபெரும் தலைவர் பார்த்தலோமியுவே நேரில் வந்துவிட்டார்!

பையன்கள் கரைக்குப் போய்ச் சேரட்டும். அதற்குள் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், சீக்கிரம்!

கடைசல் இயந்திரத்தில் செப்புத் தகடு சுழல்கிறது. தட்டையாக இருந்த தகடு கைப்பட மெல்ல மெல்ல வளைந்து மனிதத் தலை அளவுக்குக் குடமாகிறது. பக்கத்தில் வார்த்தெடுத்த பித்தளை வளையங்கள், கண்ணாடிச் சன்னல்களுக்கான சட்டங்கள், மார்பில் அமரும் தகடு. இது ஆழ்கடல் முழுக்காளரின் தலைக்கவசம். கலிம்னோஸ் தீவிலிருந்து வந்த ஆண்டனி லேரியோஸ் இந்த ஊரில் வாழ்நாள் முழுக்க இதைச் செய்தார். அவரிடம் ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து கற்றவர் பேரன் நிக்கோலஸ் டாத். 2003-ல் அமெரிக்கா தன் நாட்டார் கலைஞர்களுக்குத் தரும் மிக உயர்ந்த விருதான தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. கவசத்துக்குள் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது: காற்றை வெளியேற்றும் அடைப்பானை முழுக்காளர் தலையாலேயே முட்டித் திறக்கலாம். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது தலைதானே சும்மா இருக்கிறது! எவனோ ஒருவன் கடலடியில் திணறித்தான் இதை யோசித்திருக்க வேண்டும். பார்த்தவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகும் பொருள்களில் இது ஒன்று.

கவசம், ரப்பர் பூசிய உடை, நெஞ்சிலும் முதுகிலும் எடைக்கட்டி, கனத்த காலணி எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல். இதை மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்க வேண்டும், கையில் கொக்கியும் வலைப்பையும். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். அவருக்குக் ‘கொலவுஸேரிஸ்’ என்று பெயர், வழிகாட்டி என்று பொருள்படும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. கீழே இருப்பவன் இழுக்கும் இழுப்பின் எண்ணிக்கையை வைத்தே அவனுக்கு என்ன வேண்டும் என்று இவர் புரிந்துகொள்வார். கூலிக்குக் கயிறு பிடிக்க ஆயிரம் பேர் கிடைக்கலாம். உயிரை நம்பிக் கொடுக்க அண்ணன், மாமன், பக்கத்து வீட்டுக்காரன்தான் வேண்டும். ஊரோடு ஊராக அவர்கள் கிளம்பி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

அப்படிக் கிளம்ப வைத்தவர் ஜான் கொக்கோரிஸ், பெலொப்பொனேஸைச் சேர்ந்தவர். இங்கே கடற்பஞ்சு வணிகம் நடத்திய ஜான் சீனியிடம் 1890-களில் வேலைக்கு வந்தார். அதுவரை இந்தப் பக்கத்தில் படகில் இருந்தபடியே நீண்ட கழியில் கொக்கி கட்டித்தான் பஞ்சைப் பறித்தார்கள். ஆழத்தில் இருப்பது யாருக்கும் எட்டவில்லை. கிரேக்கத் தீவுக்காரர்களைக் கூப்பிட்டால் எட்டும் என்று கொக்கோரிஸுக்குத் தெரியும். 1905-ல் அவர் கடலில் இறக்கிய முழுக்குப் படகின் பெயர் ‘எல்பிஸ்’, நம்பிக்கை. அந்த வருடத்துக்குள்ளேயே கலிம்னோஸ், சிமி, ஹால்கி தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வந்து இறங்கினார்கள். துருக்கிய ஆட்சியில் இருந்த டோடெகனீஸ் தீவுகள் அவை. இன்றைக்கும் படகுத்துறையின் முக்கியத் தெருவுக்கு டோடெகனீஸ் என்றுதான் பெயர். 1906-ல் முதல் சிலுவை எறிதல் என்றால், வந்து கால் ஊன்றிய கையோடு சாமியையும் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்!

படகு திரும்பி வரும்போது கிட்டே நின்றிருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நாம் குளியலறையில் பார்க்கும் பொன்னிறப் பஞ்சு, கடலிலிருந்து வரும்போது கறுப்புத் தோல் போர்த்திய வழவழப்பான பிராணி. ஆமாம், கடற்பஞ்சு செடி கிடையாது, விலங்கு. படகுத் தளத்தில் பரப்பி, ஈரச் சாக்கால் மூடி, அழுக விடுவார்கள். சில நாளில் தோல் கழன்றுகொள்ளும். அதைப் பிழிந்து, சுரண்டி, கடல்நீரில் அலசி, கயிற்றில் கோத்துக் காயவைத்தால் உள்ளே இருக்கும் மென்மையான கூடு மட்டும் மிஞ்சும். பிறகு கரையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கத்தரிக்கோலால் நறுக் நறுக்கென்று வெட்டி உருண்டையாக்குவார்கள். அறுக்கும்போது அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவிட்டால் அது மறுபடி வளரும். நல்ல முழுக்காளர் அதை விட்டுவிட்டுத்தான் வருவார்.

இத்தனை உற்சாகத்துக்கு நடுவே இதையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஆழத்தில் அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும். சட்டென்று மேலே வந்தால் அது குமிழ் குமிழாகக் கிளம்பி நரம்பை முடக்கிவிடும். கலிம்னோஸில் எத்தனையோ இளைஞர்கள் போனது நடந்து, வந்தது தூக்கிக்கொண்டு. அந்தத் தீவுக்காரர்கள் ஆடும் ஒரு நடனத்துக்குப் பெயரே ‘மிஹானிகோஸ்’, அதாவது இயந்திரக் கவசம் போட்டு முங்குபவன். வரிசையின் முன்னால் ஆடுபவன் கைத்தடி ஊன்றி, கால் நடுநடுங்க, விழப்போகிற மாதிரி ஆடுவான். பின்னால் இருப்பவர்கள் அவன் கையை விடுவதில்லை. திருமணத்தில் ஆடும் கால்களுக்கு நடுவே முடங்கிய காலையும் சேர்த்து ஆடுகிறார்களே, அந்த நெஞ்சுரத்தை என்னவென்று சொல்ல!

இந்த ஊரில் ஆட்டுத்தோல் பையை ஊதி வாசிக்கும் ‘சம்பூனா’ என்ற வாத்தியமும் இருந்தது. கலிம்னோஸ்காரரான நிகிதாஸ் சிமூரிஸ் அதை வாசித்து 1991-லேயே அந்தத் தேசிய விருதைப் பெற்றுவிட்டார். ஒரே ஊர், ஒரே தீவின் வேர், இரண்டு தேசிய விருது!

தொழில் என்ன ஆனது? 1940-களில் கடற்பஞ்சுக்கு நோய் வந்தது. 1947-ல் கடலில் செம்பாசி பெருகி மிச்சத்தையும் அழித்தது. தொழிற்சாலைப் பஞ்சு சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1908-லிருந்து மூட்டை மூட்டையாக ஏலம் நடந்த பஞ்சுச் சந்தை இருந்த இடத்தில் இன்று கடைகள். ஆனாலும் படகுகள் முழுக்க நிற்கவில்லை, பஞ்சும் திரும்ப முளைத்தது. 2014-ல் கிரேக்கப் பகுதி முழுவதும் நாட்டின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது.

இப்போது சமையல்கட்டு! விழா முடிந்ததும் ‘க்ளெந்தி’, அதாவது ஆட்டமும் பாட்டும் விருந்தும். அதற்கு முந்தைய நாள்களிலேயே ‘பிலோப்தோகோஸ்’ பெண்களுக்குக் கை ஓய்வதில்லை. ‘பிலோப்தோகோஸ்’ என்றால் ஏழைகளின் தோழர். கிரேக்கத் திருச்சபையின் பெண்கள் 1931-லிருந்து நாடு முழுக்க அந்தப் பெயரில்தான் சங்கம் நடத்துகிறார்கள். மாவைக் கரண்டியால் எடுக்காமல் கைப்பிடிக்குள் வைத்துப் பிதுக்கி, கட்டைவிரலுக்கு மேலே உப்பும் உருண்டையைக் கரண்டியால் வழித்து எண்ணெயில் விடும் சூட்சுமம் பாட்டிகளுக்குக் கைவந்தது. அவைதான் ‘லுகுமாதெஸ்’, தேனில் முழுகி வரும் குட்டி உருண்டைகள். இன்னொரு ரகசியம்: இந்த ஊரில் கிரேக்க சாலட் கேட்டால் இலைகளுக்கு அடியில் உருளைக்கிழங்கு சாலட் புதைந்திருக்கும். கிரேக்கத்திலேயே இது கிடையாது! ஸ்பார்டாவிலிருந்து வந்து இங்கே உணவகம் நடத்திய லூயிஸ் பாப்பாஸின் கைங்கரியம்.

ஜனவரி 5-லேயே படகுத்துறையில் ஒவ்வொரு படகாகப் புனித நீர் தெளித்து மந்திரித்தாகிவிட்டது. இப்போது ஸ்பிரிங் பையூ நீர்க்கரை. மரத்தடி, புல்தரை, எங்கே பார்த்தாலும் தலை. பையன்கள் தபதபவென்று ஓடி வந்து தண்ணீரில் குதிக்கிறார்கள். அரைவட்டமாகக் கட்டி நிறுத்திய சிறு படகுகளுக்கு நீந்திப்போய் ஏறுகிறார்கள். ஏற ஏறப் படகு ஆடுகிறது, ஆட ஆட ஒருவனை ஒருவன் பிடித்துக்கொள்கிறான். நற்செய்தி வாசிப்பு. கூட்டம் அடங்குகிறது.

அந்தப் பெண் கையைத் திறக்கிறாள். புறா!

வெள்ளைச் சிலுவை பேராயர் கையிலிருந்து மேலே எழும்பி, வளைந்து, தண்ணீரில் விழுகிறது. ஐம்பது உடம்பும் ஒரே நேரத்தில் பாய்கின்றன. நீர் கொதிக்கிறது, கால்தான் தெரிகிறது, தலை தெரியவில்லை. ஒரு கை மேலே வருகிறது. அந்தக் கையில் சிலுவை. மற்றவர்கள் நீந்திப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறார்கள். தோளில் தூக்கிக்கொண்டு பேராலயத்துக்கே திரும்ப ஓடுகிறார்கள். சொட்டச் சொட்ட நனைந்த பனியனோடு அவன் பீடத்தின் முன்னால் மண்டியிடுகிறான்.

கூட்டத்தில் ஒரு கேள்வி இதற்குள் காதுக்குக் காது ஓடிக்கொண்டிருக்கிறது. கிரேக்கக் கிராமத்தில் முன்பின் தெரியாத பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்கும் கேள்வி: ‘ப்யானூ ஈசே?’ நீ யார் வீட்டுப் பிள்ளை? மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். அதனால் பையனின் பெயரைச் சொன்னாலே பாதி பதில் கிடைத்துவிடும். நீர்க்கரையில் கிளம்பிய பெயர் தெரு தாண்டி, கோயில் வாசல் தாண்டி, எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும் அடுப்படிக்கு வந்து சேர்கிறது. மாவுக் கையோடு ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்து, அந்தப் பையனின் தாத்தா எந்தப் படகில் போனார் என்று சொல்ல ஆரம்பிக்கிறாள்.