கண் மங்கினால் வேலை போகுமா?
டிரைவர்களே, கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்!

விழுப்புரம்,

"அம்பது வயசுல கண்ணு மங்கிட்டா நம்ம கதி என்னய்யா? வேற எவன் வேலை குடுப்பான்?"

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த பஸ் டெப்போ டீக்கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. ராத்திரி பகலாக சென்னை–திருச்சி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களின் பயம் இது.

இந்தப் பயத்துக்கு சுப்ரீம் கோர்ட்டு 1990-லேயே பதில் சொல்லிவிட்டது. ராஜஸ்தான் அரசு பஸ் டிரைவர்கள் சிலர், நாற்பதைத் தாண்டியவர்கள், பார்வை குறைவு என்று நீக்கப்பட்டார்கள். டிரைவர் வேலையாலேயே வந்த கோளாறு. அப்படியே கைகழுவ முடியாது, மாற்று வேலை கொடு என்றது கோர்ட்டு.

2006-ல் சென்னை ஐகோர்ட்டும் நிறக்குருடு என்று நீக்கப்பட்ட நம்ம ஊர் அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை தரச் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவு. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் அரசு நிறுவனம் நீக்கக்கூடாது. பதவியைக் குறைக்கக்கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். காலியிடம் இல்லையா? கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். அரசு போக்குவரத்துக் கழகத்துக்கும் இது பொருந்தும்.

எப்படி நிரூபிப்பது?

வாய்ப்பேச்சு எடுபடாது. காகிதம்தான் பேசும்.

ஒன்று: வேலையில் சேர்ந்தபோது எடுத்த உடல் தகுதிச் சான்று. கோளாறு பின்னால் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டு: மெடிக்கல் போர்டு அறிக்கை நகல்.

மூன்று: மாற்று வேலை கேட்டு எழுதிய மனு. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள்.

"நீயா ஒதுங்கிக்க" என்று யாராவது விருப்ப ஓய்வுத் தாளை நீட்டினால் அவசரப்பட்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஊனத்துக்கான பென்ஷன் கொடுத்துவிட்டோம் என்பதும் சாக்கு ஆகாது. 2003-ல் குணால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது.

வயசு மட்டும் காரணம் என்றால்?

இங்கேதான் சிக்கல். தனியார் கம்பெனியில் "வயசாயிடுச்சு, போ" என்றால் கேட்க, அதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் ஊனத்தைக் காட்டி ஒதுக்கினால், அது நியாயம்தான் என்று காட்டவேண்டிய பொறுப்பு முதலாளி தலையில்.

அரசு நிறுவனத்தில் குறைதீர்க்கும் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கவேண்டும். அங்கே தீராவிட்டால் மாவட்டக் குழு, சென்னையில் மாநில ஆணையர், அப்புறம் ஐகோர்ட்டு.

கண் மங்கலாம். காகிதம் மட்டும் தொலையக்கூடாது!